செட்டிநாட்டு ராஜா குடும்பத்துச் சொத்தில் எது யாருடையது?

கேட்டவர் எழுதியது இரண்டே வரிதான். "அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இந்தியன் வங்கி, கானாடுகாத்தான் அரண்மனை, சிமெண்ட் ஆலை, சேப்பாக்கம் மைதானம் எல்லாமே ஒரே செட்டியார் குடும்பத்துச் சொத்து என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் அவ்வளவும் இப்போது யார் கையில்?" மேலோட்டமாகப் பார்த்தால் பணக்காரக் குடும்பத்தைப் பற்றிய ஊர்வம்புக் கேள்வி போலத் தெரியும். உண்மையில் அவர் கேட்டிருப்பது வேறு. ஒரு குடும்பம் ஆரம்பித்தது, நடத்தியது, கொடுத்தது, பெயர் வைத்தது என்ற இந்த நான்கையும் நாம் 'அவர்களுடையது' என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்க்காது. யார் பெயரில், எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்றுதான் பார்க்கும். கூட்டுக் குடும்பப் பாகப்பிரிவினையும் அறக்கட்டளைக் கணக்கும் என் தொழிலில் பாதி என்பதால் அந்த வழியிலேயே பதில் சொல்கிறேன். இந்தக் குடும்பத்தின் உள்கணக்கு எதையும் நான் பார்த்தவன் இல்லை. பொதுவில் இருக்கும் சட்டங்கள், தீர்ப்புகள், நிறுவன வரலாறுகள் ஆகியவற்றை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் 'ராஜா' விஷயத்தைத் தீர்த்துவிடலாம். செட்டிநாடு என்று ஒரு சமஸ்தானம் இருந்ததே கிடையாது. காரைக்குடியைச் சுற்றி நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வாழும் ஊர்களுக்கு மொத்தமாக வழங்கிய பெயர் அது. அந்த ஊர்களில் ஒரு பகுதி சிவகங்கை ஜமீனிலும் ஒரு பகுதி புதுக்கோட்டை சமஸ்தானத்திலும் இருந்தது. கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியாருக்கு (1881–1948) 1923இல் சர் பட்டமும், 1929இல் பரம்பரைப் பட்டமாக 'செட்டிநாட்டு ராஜா' என்பதும் ஆங்கில அரசு கொடுத்தவை. பட்டத்தோடு ஒரு ஏக்கர் நிலமும் வரவில்லை. இது சின்ன விவரம் மாதிரி இருக்கும், ஆனால் சொத்துக் கேள்விக்கு இதுதான் அஸ்திவாரம். பழைய ஜமீன்கள் பலவற்றில் சொத்து பாகம் பிரிக்க முடியாதது, மூத்தவருக்கே போகும். இங்கே மூத்தவருக்குப் போனது பட்டம் மட்டும்தான். சொத்து மற்ற இந்துக் குடும்பங்களைப் போலவே பிள்ளைகளுக்குள் பிரியக்கூடியது. 1950இல் அரசியல் சாசனம் பட்டங்களை ஒழித்த பிறகு, 'ராஜா' என்பது மரியாதைக்குச் சொல்லும் பெயராக நின்றுவிட்டது.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? வட்டிக்கடைதான். நகரத்தார் கடைகளுக்குத் தனிப் பெயர் இருக்காது, விலாசம் இருக்கும். இந்தக் குடும்பத்தின் விலாசம் சா.ராம.மு. சாத்தப்பர், ராமநாதன், முத்தையா என்று மூன்று தலைமுறை முன்னோரின் முதலெழுத்துகள். அண்ணாமலை செட்டியாரின் மூத்த மகன் முத்தையா, அவர் மகன் எம்.ஏ.எம். ராமசாமி. இந்த எம்.ஏ.எம்.மும் முத்தையா, அண்ணாமலை, முத்தையா என்று முன்னோர் வரிசையே. மூத்த மகன் முத்தையாவின் தம்பி எம்.ஏ. சிதம்பரத்துக்கு முத்தையா, அண்ணாமலை. இன்ஷியலைப் படிக்கத் தெரிந்தால் யார் யாருக்கு என்ன உறவு என்பதை வம்சாவளிப் பட்டியல் இல்லாமலே சொல்லிவிடலாம். விலாசம் என்பது கடன்காரனுக்கும் வங்கிக்காரனுக்கும் ஜாமீன் மாதிரி. ரங்கூனில் ஒரு பெட்டியடிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் முதலாளியாக இருக்கவேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் சம்பளச் சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டு மூன்று வருஷத் தவணைக்குக் கப்பலேறிய மேலாள்தான் இருப்பார். முதலாளி ஊரில் இருப்பார், ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) கடிதத்தில் வரும்.

பழைய பேரேடு ஒன்றைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். பிள்ளையார் சுழி, தமிழ் வருஷத்தின் பெயர், தமிழ் எண்களில் தொகை. அதில் ஒரு பக்கம் ஆச்சி, அதாவது செட்டியாரின் மனைவி, பேரில் இருக்கும். கல்யாணத்தில் வந்த சீதனப் பணத்தைக் கடையிலேயே தவணை வட்டிக்குப் போட்டிருப்பார்கள். செட்டியாரின் கடையாக இருந்தாலும் அந்தத் தொகை ஆச்சியுடையது, கடை ஆச்சிக்குக் கடன்பட்டது. இன்னொரு பக்கத்தில் மகமை. கோயிலுக்கும் தருமத்துக்கும் என்று ஒதுக்கும் பங்கு அங்கே வரவாகிக்கொண்டே போகும். அது முதலாளியின் பெட்டிக்குள் இருக்கும் பணம், ஆனால் முதலாளியின் பணம் ஆகாது. வீட்டிலும் இதே கதைதான். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் 'வேறு வைத்து' விடுவார்கள். ஒரே வளவு, ஒரே கூரை, தனித்தனி அடுப்பு, தனிப் புள்ளி (கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி). வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது ஒரு குடும்பம், உள்ளே பல கணக்கு. இவ்வளவு துல்லியமாகப் பெயர் பிரித்து எழுதத் தெரிந்த சமூகத்தைப் பார்த்து 'எல்லாம் அவர்களுடையது' என்று நாம் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

பர்மா பக்கம் நடந்ததை விரிவாகச் சொல்லவேண்டும். அந்தப் பணத்தின் பிறப்பும் இறப்பும் அங்கேதான். கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் 1852இல் பிடித்த பிறகு ஐராவதிக் கழிமுகக் காடுகள் நெல் வயல்களாயின. காடு வெட்டிய விவசாயிக்கு முன்பணம் கொடுக்க ஐரோப்பிய வங்கிகள் தயாராக இல்லை. அந்த இடத்தை நகரத்தார் பிடித்தார்கள். 1929–30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது சுமார் 1,650 செட்டியார் கடைகளும் சுமார் 75 கோடி ரூபாய்க் கடனும் இருந்ததாக மதிப்பிட்டது. இந்த 75 கோடி சமூகம் மொத்தத்துக்குமான தொகை. இதைத் தூக்கி ராஜா குடும்பத்தின் தலையில் வைக்கும் பதிவுகளை இணையத்தில் பார்த்திருக்கிறேன், நம்ப வேண்டாம். அடுத்த வருஷமே நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த வயல்தான் வந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். வட்டிக்காரனுக்கு வயல் எதற்கு? பணமாக இருந்தால் ஊருக்கு அனுப்பலாம், வயலை அனுப்ப முடியுமா? பர்மியர்களின் கோபமும் அதோடு சேர்ந்து வளர்ந்தது, அதிலும் நியாயம் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர்கள் ஏராளம். 1948இல் நிலத் தேசியமயச் சட்டம், 1963இல் வங்கிகள் தேசியமயம். கையில் பத்திரம் இருந்தது, பத்திரத்தை மதிக்கும் அரசு அங்கே இல்லை.

ஆகவே 'பர்மாப் பணத்தில் இன்றும் வாழ்கிறார்கள்' என்று யாராவது சொன்னால் பாதி உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1930க்கு முன்னால் ஊருக்கு வந்து, இங்கே வீடாகவும் பங்காகவும் கொடையாகவும் மாறியதுதான் தப்பியது. அண்ணாமலை செட்டியாரின் பெருங்கொடையும் அந்தக் காலத்தியதே. சரிவை முன்கூட்டியே கணித்துக் கொடுத்தார் என்று பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொடுக்கும் பழக்கம் அவர் அண்ணன் காலத்திலிருந்தே இருந்தது. அண்ணன் ராமசாமி செட்டியார் 1913இலேயே சிதம்பரத்தில் உயர்நிலைப் பள்ளி வைத்துவிட்டார்.

இனி வங்கி. இங்கே இரண்டு வங்கிகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. அதில் பணம் போட்டிருந்த உள்ளூர்க்காரர்கள் பலர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனியை நம்பியது போதும், நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று நடத்திய முயற்சியில் 1907 ஆகஸ்ட் 15இல் இந்தியன் வங்கி தொடங்கியது. அதில் நகரத்தார் முதலீட்டைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இந்த ராமசாமி செட்டியார். குடும்பத்தின் செல்வாக்கு அதில் நீண்டகாலம் இருந்தது உண்மை. ஆனால் அது பங்குதாரர்களின் வங்கி, குடும்பக் கடை ஆகாது. 1969இல் தேசியமயமானபோது அந்தச் செல்வாக்கும் முடிந்தது. பேங்க் ஆஃப் செட்டிநாடு என்பதுதான் அண்ணாமலை செட்டியார் தன் தொழிலை லிமிடெட் கம்பெனியாக மாற்றி நடத்தியது. வரிச் சட்டம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் வேறு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். 1940இல், அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அதன் வருமானவரி வழக்கில், 'விஷயத்தின் சாரம் என்ன' என்று பார்த்து வரி போடக்கூடாது, கண்டிப்பான சட்ட நிலை என்னவோ அதைத்தான் பார்க்கவேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். வரி வழக்குகளில் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். உங்கள் கேள்விக்கும் அதே அளவுகோல்தான் பொருந்தும்.

பல்கலைக்கழகம்தான் இதில் மிகச் சுவாரசியமானது. 1920இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரி. பிறகு தமிழ்க் கல்லூரி ஒன்று, அதன் முதல்வராக உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை இருந்தார். இவற்றையெல்லாம் சேர்த்து, கூடவே 20 லட்சம் ரூபாயும் கொடுத்து, பல்கலைக்கழகம் ஆக்கித் தாருங்கள் என்று அண்ணாமலை செட்டியார் அரசிடம் கேட்டார். அதற்கென்று சென்னை மாகாணச் சட்டமன்றம் 1928இல் தனிச் சட்டம் செய்து, 1929 ஜனவரி 1 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடைமுறைக்கு வந்தது. கொடுத்தது கொடுத்ததுதான். அந்த நிமிஷமே நிலமும் கட்டடமும் பணமும் பல்கலைக்கழகம் என்ற சட்ட நபருக்குச் சொந்தமாகிவிட்டன. ஆனால் அந்தச் சட்டம் நிறுவனருக்கு இணைவேந்தர் பதவியையும், அவருக்குப் பிறகு அவர் வாரிசுக்கு அதே பதவியையும் எழுதிவைத்தது. துணைவேந்தர் தேர்வு உட்படப் பல விஷயங்களில் அந்தப் பதவிக்கு உண்மையான அதிகாரம் இருந்தது. அதாவது சொத்துரிமை போனது, சாவி வீட்டிலேயே இருந்தது. எண்பது வருஷத்துக்கும் மேல் ஊரார் அதைக் 'குடும்பப் பல்கலைக்கழகம்' என்று நினைத்ததற்கு இதுதான் காரணம். அப்படி நினைத்தது தப்பும் இல்லை.

அந்த ஏற்பாடு 2013இல் முடிந்தது. வருமானத்துக்கு மீறிய ஆள்பலம், சம்பளம் கொடுக்க முடியாத நிலை, போராட்டம் என்று வந்து நின்றபோது அரசு முதலில் ஒரு நிர்வாகியை நியமித்தது, பிறகு புதிய சட்டம் கொண்டுவந்து வாரிசு இணைவேந்தர் முறையை நீக்கியது. இப்போது மற்ற மாநிலப் பல்கலைக்கழகங்களைப் போல உயர்கல்வி அமைச்சர்தான் இணைவேந்தர். பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் பின்னால் அரசுக் கல்லூரியாகிவிட்டது. இதில் யார் மேல் எவ்வளவு தவறு என்று கேட்டால் இரண்டு தரப்பும் மணிக்கணக்கில் பேசுவார்கள். சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அரசு 'பறித்துக்கொண்டது' என்பது சட்டப்படி சரியான பேச்சு ஆகாது. சொத்து குடும்பத்திடம் இருந்தால்தானே பறிப்பதற்கு? பறிபோனது நிர்வாகப் பிடி. அது சட்டமன்றம் கொடுத்தது, சட்டமன்றமே எடுத்துக்கொண்டது.

சென்னையில் இருப்பவை பெரும்பாலும் பெயர்கள். ராஜா அண்ணாமலைபுரம் என்று ஒரு பகுதிக்கே பெயர் இருப்பதால் அங்குள்ள வீட்டு மனையெல்லாம் குடும்பத்துடையது ஆகிவிடாது. அடையாற்றங்கரையில் உள்ள செட்டிநாடு ஹவுஸ் மட்டும் அவர்கள் வாழ்ந்த வீடு. பாரிமுனையில் இருக்கும் ராஜா அண்ணாமலை மன்றம் தமிழ் இசைச் சங்கத்தினுடையது. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று 1940களில் எழுந்த இயக்கத்துக்கு அண்ணாமலை செட்டியார் பணமும் பெயரும் கொடுத்தார், சங்கம் 1943இல் தொடங்கியது. என்னைக் கேட்டால் அவர் செய்ததில் இன்றும் உயிரோடு இருப்பது அதுதான். மார்கழியில் தியாகராஜ கிருதிகளுக்கு நடுவே கடைசியில் ஒப்புக்கு ஒரு துக்கடாவாக இருந்த தமிழ்ப் பாட்டு ஒரு முழுக் கச்சேரி ஆகும் என்று அன்று சொன்னதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. மூத்த மகன் முத்தையா செட்டியார் 1933இல் மேயர் பதவி மீண்டும் வந்தபோது சென்னையின் முதல் மேயரானார், வயது இருபத்தெட்டுகூட நிரம்பவில்லை. சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் வந்தது இளைய மகன் எம்.ஏ. சிதம்பரம் கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்ததால். நிலம் அரசினுடையது, கிரிக்கெட் சங்கம் குத்தகைக்கு வைத்திருக்கிறது. அதில் குடும்பத்துக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது.

தொழில் பக்கம் பிள்ளைகள் தனித்தனியாகப் போனார்கள். மூத்தவர் கிளையில் செட்டிநாடு சிமெண்ட், 1962இல் தொடங்கிய கம்பெனி, முதல் ஆலை கரூருக்குப் பக்கத்தில் புலியூரில். எம்.ஏ. சிதம்பரம் கிளையில் தூத்துக்குடி ஸ்பிக் உரத் தொழிற்சாலை, அதில் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் கூட்டு. நடுமகன் ராமநாதன் செட்டியார் நாடாளுமன்ற உறுப்பினராக அறியப்பட்டவர். ஒரே தாத்தாவின் பேரர்கள் என்பதற்காக ஸ்பிக்கையும் செட்டிநாடு சிமெண்டையும் ஒரே குழுமம் என்று எழுதுவது தவறு. பாகம் பிரிந்தபின் பங்காளி வேறு, பங்குதாரர் வேறு.

மூத்தவர் கிளையில் எம்.ஏ.எம். ராமசாமி (1931–2015) வரையிலும் கதை நேராக வருகிறது. குதிரைப் பந்தயம் தெரிந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவருக்குப் பிள்ளை இல்லை, 1996இல் தத்து எடுத்தார். நகரத்தார் வழக்கில் இதைப் பிள்ளை கூட்டுவது என்பார்கள், ஒரே கோயில் பிரிவுக்குள்தான் கூட்டுவார்கள். கடைசிக் காலத்தில் இருவருக்கும் மனத்தாங்கல் வந்து, தத்தை ரத்து செய்கிறேன் என்று அவர் அறிவித்தது செய்தித்தாள்களில் வந்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் நான் தலையிடப் போவதில்லை. சட்டம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கருத்துப் பகுதியில் பலர் இதைத் தப்பாக எழுதுகிறார்கள். 1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி முறையாக நடந்த தத்தை எடுத்தவராலும் ரத்து செய்ய முடியாது, பிள்ளையாலும் உதற முடியாது. தத்தே முறையாக நடக்கவில்லை என்று நிரூபித்தால் அது வேறு. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, தத்தெடுத்தவர் தன் சொத்தை உயிலாலோ கிரயத்தாலோ யாருக்கும் கொடுப்பதைத் தத்து தடுக்காது என்கிறது. ஆகவே 'மகன்தான்' என்பதும் 'ஆனால் சொத்து அறக்கட்டளைக்கு' என்பதும் ஒரே சமயத்தில் செல்லக்கூடியவை. கம்பெனிப் பங்குகளுக்கு இது எதுவும் பொருந்தாமலே போகலாம். பங்கு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரைத்தான் கம்பெனி பங்குதாரராகப் பார்க்கும்.

கானாடுகாத்தான் அரண்மனை அந்தக் குடும்பத்தின் தனிச் சொத்து, அதில் குழப்பமில்லை. அதைச் சுற்றிச் சொல்லப்படும் கதைகளைத்தான் கொஞ்சம் வடிகட்டவேண்டும். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு எல்லாம் நிஜம். முட்டை வெள்ளைக்கரு சேர்ந்ததும் நிஜம், ஆனால் சுவர் முழுக்க முட்டை என்று நினைக்கவேண்டாம். சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர் என்று பல பூச்சு ஏறியபின் மேலே வரும் மெருகுப் பூச்சில்தான் அது சேரும். கையை வைத்தால் வெயில் காலத்திலும் ஜில்லென்று இருப்பது அதனால்தான். பக்கத்துத் தெருக்களில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் கதை வேறு. ஒரு வீட்டில் ஐம்பது புள்ளி, சிலர் சென்னையில், சிலர் அமெரிக்காவில். விற்க எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும், ஓடு மாற்றவும் எல்லோரும் ஒத்துக்கொள்ளவேண்டும். அதனால் தூணை மட்டும் கழற்றிக் காரைக்குடி பழம்பொருள் கடைக்குக் கொடுத்துவிட்டு வீட்டை மழைக்கு விட்டுவிடுகிறார்கள்.

மொத்த மதிப்பு எத்தனை கோடி என்று இணையத்தில் உலவும் தொகைகள் எதற்கும் கணக்கு ஆதாரம் கிடையாது. ஒவ்வொருவரும் பல்கலைக்கழகத்தையும் பிரிந்துபோன கிளைகளையும் சேர்த்துக் கூட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் தனித்தனியாகத் தேடுங்கள். நிலம் என்றால் பதிவுத் துறையின் வில்லங்கச் சான்றிதழ், கம்பெனி என்றால் கம்பெனிப் பதிவாளரிடம் உள்ள பங்குதாரர் பட்டியல். இரண்டுக்கும் சின்னக் கட்டணம்தான். பல்கலைக்கழகத்துக்கு 1928, 2013 இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், ஒரு மாலைப்பொழுது போதும். இணைவேந்தர் பற்றிய பிரிவிலிருந்து ஆரம்பித்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.